ஜெயநகர் பெல்விக் ஃப்ளோர் ஃபிசியோ கிளினிக்: மூத்திரப்பை வலியோட இருக்கறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

நாலு ஸ்டார். (பெல்விக் ஃப்ளோர்னா மூத்திரப்பைய கீழ இருந்து தாங்கற இடுப்பு சதை.) ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னு கீழ எழுதிருக்கேன், ஆனா அத படிச்சிட்டு போகாம இருந்துடாதீங்க. ஐசின்னு (கிருமி இல்லாமலே வர்ற மூத்திரப்பை வலி, கீழ சொல்றேன்) டாக்டர் எழுதிக் குடுத்தவங்க, இல்ல வருஷக்கணக்கா நீர்க்கடுப்புன்னு மாத்திரை சாப்பிட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்ல கிருமியே வராதவங்க, பெங்களூர்ல இருந்தீங்கன்னா இந்த இடத்துக்கு ஒரு தடவ போய் காட்டுங்க. பொம்பளைங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, ஆம்பளைங்களையும் பாக்கறாங்க, அவங்களுக்கு தனி நேரம், ஆம்பள ஃபிசியோ. இந்த வியாதி பொம்பளைங்களுக்குத்தான் அதிகம், ஆனா ஆம்பளைங்களுக்கும் வருது, நிறைய பேருக்கு ப்ராஸ்டேட்னு சொல்லி சொல்லியே காலம் போயிடுது.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ், சுருக்கமா ஐசி, பிளாடர் பெயின் சிண்ட்ரோம்னும் எழுதுவாங்க. மூத்திரப்பை நிறைய நிறைய அடிவயித்துல வலி, அழுத்தம், எரிச்சல். போயிட்டு வந்தா கொஞ்சம் அடங்கும், கொஞ்ச நேரத்துல திரும்ப ஆரம்பிக்கும், ராத்திரியும் விடாது. ஆறு வாரத்துக்கு மேல இப்படியே இருந்து, இன்ஃபெக்‌ஷன், கல்லு, வேற எந்த காரணமும் இல்லன்னு பாத்த பிறகுதான் இந்த பேர வைப்பாங்க. இதுதான்னு அடிச்சு சொல்ல தனியா ஒரு பிளட் டெஸ்ட்டோ ஸ்கேனோ கிடையாது. அதனாலதான் இது தெரிய இவ்வளவு நாள் ஆகுது, அதனாலதான் வீட்லயும் ஆபீஸ்லயும் "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன"ன்னு கேக்கறாங்க.

நான் பேங்க்ல கேஷ் கவுன்ட்டர். வீடு அல்சூர். கவுன்ட்டர விட்டு எழுந்திருக்கணும்னா ட்ராயர பூட்டணும், சிஸ்டத்த லாக் பண்ணணும், சாவிய கையோட எடுத்துட்டு போகணும், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பென்ஷன் வாங்க வந்த பெரியவங்க நிப்பாங்க, அவங்க முகத்த பாத்துக்கிட்டே திரும்ப திரும்ப எழுந்து போறது எவ்வளவு கஷ்டம்னு இது இருக்கறவங்களுக்குத்தான் புரியும். தண்ணி குடிக்காம இருந்தா போக வேண்டியதில்லன்னு தோணும், ஆனா தண்ணி குறைஞ்சா யூரின் கெட்டியாகி எரிச்சல் இன்னும் கூடும். ரெண்டு பக்கமும் அடி.

இங்க வர்றதுக்கு முன்னாடி போன ஒரு ஆஸ்பத்திரில (பேர் வேண்டாம்) ஒவ்வொரு தடவையும் கல்ச்சர் பண்ணாமலே ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு, அதுவும் கேக்கலன்னா ஊசி. வயிறு கெட்டுது, வாய்ப்புண் வந்துது, வலி அப்படியே இருந்துது. இத நான் கோவத்துல எழுதல, இன்னும் எத்தனையோ பேரு இதே சுத்துல இருக்காங்கன்னு தெரியறதால எழுதறேன். அமெரிக்க யூராலஜி சங்கத்தோட வழிகாட்டுதல்லயே ஐசிக்கு நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் குடுக்கக்கூடாதுன்னு இருக்கு. மாத்திரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூரின் கல்ச்சருக்கு குடுக்கணும், ரிப்போர்ட் வந்த பிறகு முடிவு பண்ணணும், இத நீங்களே வாய விட்டு கேளுங்க, கேட்டா தப்பில்ல.

அதுக்கப்புறம் ஒரு யூராலஜிஸ்ட் கிட்ட போனேன், அவங்கதான் ஒழுங்கா ஒவ்வொரு காரணமா டெஸ்ட் பண்ணி, இது இல்ல, இது இல்லன்னு தள்ளிக்கிட்டு வந்தாங்க. கல்ச்சர், அல்ட்ராசவுண்ட், போன பிறகு உள்ள எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஒரு அளவு, அப்புறம் டிபிக்கு தனி டெஸ்ட். இந்த டிபி விஷயத்த நம்ம ஊர்ல விட்டுடவே கூடாது, யூரின்ல பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) இருக்கு ஆனா சாதாரண கல்ச்சர்ல கிருமி வளரலன்னா டிபியா இருக்கலாம், அது மூத்திரப்பைய சுருக்கிடும், அதுக்கு வைத்தியமே வேற. யூரின்ல ரத்தம் தெரிஞ்சா வலி மாத்திரைல காலம் ஓட்டாதீங்க, கேன்சர் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும். எனக்கு சிஸ்டோஸ்கோப்பியும் பண்ணாங்க, உள்ள கேமரா விட்டு பாக்கறது. சிலருக்கு உள்சுவத்துல ஹன்னர் லீஷன்னு செவப்பா புண்ணு மாதிரி இருக்கும், 1915ல ஹன்னர்ங்கற அமெரிக்க டாக்டர் எழுதினதால அந்த பேர். அது இருந்தா அந்த இடத்த சுட்டு விடறது, இல்ல அங்கயே ஸ்டீராய்டு ஊசி போடறதுன்னு நேரடி வைத்தியம் இருக்கு. ஐசி இருக்கறவங்கள்ல கொஞ்ச பேருக்குத்தான் அது இருக்கும், எனக்கு இல்ல. கேமராவுல எல்லாம் சுத்தமா இருந்துச்சு. அப்ப அந்த டாக்டர் சொன்னது இதுதான்: "உங்க வலி நிஜம், ஆனா அது முழுசா மூத்திரப்பைல இருந்து வரல. இடுப்பு சதைய தொட்டாலே துள்றீங்க, ஃபிசியோ கிட்ட போங்க." அப்படித்தான் இந்த கிளினிக்குக்கு வந்தேன்.

மாடி ஏறினா சின்ன ரிசப்ஷன், உள்ள ரெண்டு ரூம். முதல் சிட்டிங் ஒரு மணி நேரத்துக்கு மேல. என்னை பாத்தது சேலத்து பொண்ணு, தமிழ்லயே பேசலாம், இந்த மாதிரி விஷயத்த இங்கிலீஷ்லயோ கன்னடத்துலயோ தேடித் தேடி சொல்ல வேண்டியதில்லைங்கறதே எனக்கு பாதி நிம்மதி. முதல்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, ஓலியரி-சான்ட்னு கேள்வித்தாள், எத்தனை தடவ எழுந்திருக்கறீங்க, அடக்க முடியாம வருதா, வலி எவ்வளவு, அது எவ்வளவு தொந்தரவுன்னு கேக்கும். அறிகுறிக்கு 20, தொந்தரவுக்கு 16ன்னு மார்க். கொஞ்ச நாளைக்கு ஒரு தடவ அதையே திரும்ப நிரப்ப சொல்றாங்க, அதனால "ஏதோ பரவால்ல"ன்னு வாயால சொல்றதோட நிக்காம நிஜமாவே குறையுதா இல்லையான்னு நம்பரா தெரியுது.

தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்க. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள், மேல போத்திக்க துணி, "எந்த நிமிஷமும் நிறுத்துங்கன்னு சொல்லலாம் அக்கா, காரணம் சொல்ல வேண்டியதில்ல"ன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. உள்பரிசோதனை வேண்டாம்னா வெளியில இருந்தே பண்றாங்க, கல்யாணம் ஆகாத பொண்ணுங்க, அம்மாங்க யோசிக்க வேண்டாம். எனக்கு முதல்ல அடிவயிறு, தொடையோட உள்பக்கம், பின்பக்கம் எல்லாம் அழுத்தி பாத்துட்டு, அப்புறம் கிளவுஸ் போட்ட ஒத்த விரலால உள்ள வலது பக்கமா ஒரு இடத்துல மெதுவா வெச்சாங்க. அவ்வளவுதான், நான் இத்தனை வருஷமா மூத்திரப்பைன்னு நினைச்ச அதே வலி, அதே எரிச்சல், உடனே போகணும்னு அதே அவசரம், அப்படியே வந்துச்சு. "இதுவாக்கா உங்க வலி?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன், பேச வரல. "நான் தொட்டது மூத்திரப்பை இல்லக்கா, பக்கத்துல இருக்கற சதை. வலிக்கு பயந்து அது இறுகிப் போயிருக்கு, இறுகினதால வலி இன்னும் அதிகமாகுது"ன்னாங்க. விரல எடுக்காம அதே இடத்துல லேசா அழுத்திக்கிட்டே மூச்ச அடிவயிறு வரைக்கும் இழுத்து விடச் சொன்னாங்க, கொஞ்ச நேரத்துல அந்த கட்டி மாதிரி இருந்த இடம் இளகினது எனக்கே தெரிஞ்சுது.

இங்க ஒரு முக்கியமான விஷயம். பெல்விக் ஃப்ளோர்னு சொன்னதும் எல்லாரும் கீகல் எக்சர்சைஸ், அதாவது அந்த சதைய இறுக்கி இறுக்கி விடறது, பண்ணுன்னு சொல்வாங்க, யூடியூப்ல, பிரசவத்துக்கு அப்புறம், எங்க பாத்தாலும் அதுதான். சதை தளர்ந்து போனவங்களுக்கு அது சரி. இறுகிப் போனவங்களுக்கு அது எதிரி. அந்த பொண்ணு என்ன பண்ணாங்கன்னா, என் கைய முஷ்டியா இறுக்கி மூடச் சொல்லி அப்படியே வெச்சுக்கிட்டே பேசிட்டிருந்தாங்க, விரலெல்லாம் கடுக்க ஆரம்பிச்சப்ப "இப்ப இன்னும் இறுக்குங்கக்கா"ன்னாங்க. எங்க இறுக்கறது. "உள்ள இருக்கற சதையும் இந்த நிலைமைலதான் இருக்கு, அதுகிட்ட போய் கீகல் பண்ணச் சொன்னா என்ன பண்ணும்?" இதுக்கு மேல எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படல. அமெரிக்க வழிகாட்டுதலும் ஐசிக்கு கீகல தவிர்க்கத்தான் சொல்லுது. இந்த கை வைத்தியத்துக்கு ஆராய்ச்சியும் இருக்கு, 2012ல வந்தது, 81 பொம்பளைங்க, ஒரு பாதிக்கு இடுப்பு சதைக்குன்னு பண்ற இந்த ஃபிசியோ, இன்னொரு பாதிக்கு உடம்பு முழுக்க சாதாரண மசாஜ். ஃபிசியோ எடுத்தவங்கள்ல 59 சதவீதம் பேர் நல்லா குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க, மசாஜ் எடுத்தவங்கள்ல 26 சதவீதம். எல்லாருக்கும் கேக்கும்னு அர்த்தம் இல்ல, ஆனா வெறும் ஆறுதலும் இல்ல.

வீட்டுக்கு குடுத்த வேலை: குழந்தை போஸ்னு முட்டி போட்டு குனியறது, மல்லாக்க படுத்து ரெண்டு காலையும் பிடிச்சு விரிக்கறது, அப்புறம் அந்த மூச்சு. பாத்ரூம் பழக்கத்தையும் மாத்தினாங்க. வெளியில டாய்லெட் சுத்தமா இருக்காதுன்னு நம்மள்ல நிறைய பேர் உக்காராம அந்தரத்துல நின்னுக்கிட்டே போவோம் இல்லையா, அப்ப இடுப்பு சதை தளரவே தளராது. துடைச்சிட்டு பேப்பர் போட்டு முழுசா உக்காருங்க, இல்ல இந்தியன் டாய்லெட்னா நல்லா கீழ வரைக்கும் உக்காருங்க. முக்கி தள்ளாதீங்க. மலச்சிக்கல் இருந்தா அத முதல்ல சரி பண்ணுங்க, பக்கத்துலயே இருக்கறதால அதோட அழுத்தமும் சேரும். அப்புறம் பிளாடர் டயரி, எப்ப போனேன், எவ்வளவு மில்லி, வலி எவ்வளவு, என்ன சாப்பிட்டேன். அளவு குறிச்ச ஒரு பிளாஸ்டிக் மக் போதும். வலி அடங்கின நாள்ல மட்டும், போகணும்னு தோணினதும் ஓடாம பத்து நிமிஷம் தள்ளிப் போடறது, பழகினதும் இன்னும் கொஞ்சம். வலி ஏறி இருக்கற நாள்ல அடக்காதீங்கன்னு கண்டிப்பா சொன்னாங்க.

சாப்பாட்ட பத்தி இவங்க பேசினதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஏன்னா இன்டர்நெட்ல இருக்கற ஐசி டயட் எல்லாம் ப்ளூபெர்ரி, பேரிக்காய், சாலட்னு இருக்கும், நம்ம வீட்டு அடுப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிறைய பேருக்கு தூண்டி விடறதுன்னு தெரிஞ்சது காபி, டீ, எலுமிச்சை ஆரஞ்சு வகை, தக்காளி, காரம், சோடா கூல்டிரிங்க், சாராய வகை, செயற்கை இனிப்பு, விட்டமின் சி மாத்திரை. இதுல தமிழ் சமையல்ல என்ன மிச்சம்? அந்த பொண்ணு உக்காந்து எழுதிக் குடுத்தாங்க. புளி தக்காளி இல்லாத பொரிச்ச குழம்பு, பாசிப்பருப்பு போட்ட கீரைக் கூட்டு, சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய், பருப்பு சாதம் நெய், இடியாப்பம் தேங்காப்பால், மிளகும் சீரகமும் அளவா. சில வாரம் தூண்டறது எல்லாத்தையும் நிறுத்திட்டு, வலி ஒரு நிலைக்கு வந்ததும் ஒவ்வொண்ணா திரும்ப சேக்கணும், ஒண்ண சேத்துட்டு ரெண்டு மூணு நாள் பாத்துட்டுத்தான் அடுத்தது. ஆயுசுக்கும் எல்லாத்தையும் விடுன்னு சொல்லல, அது முக்கியம்.

எங்க அத்தைக்கு ஊர் கேஜிஎஃப். நான் வலில சுருண்டு கிடக்கறத பாத்தா "நீர்க்கடுப்புதாம்மா, ஒரு எலுமிச்சம்பழத்த பிழிஞ்சு குடிச்சா சரியா போயிடும்"னு டம்ளரோட வந்து நிப்பாங்க, பாசத்துலதான். சாதாரண சூட்டுக்கு அது எத்தனையோ பேருக்கு இதமா இருக்கும், ஆனா எனக்கு அதுதான் நெருப்பு. டயரில எலுமிச்சை குடிச்ச நாளும் வலி மார்க்கும் பக்கத்து பக்கத்துல இருக்கறத காட்டினப்ப அவங்களே "அய்யோ, இத்தனை நாள் நானே உனக்கு குடுத்தேனே கண்ணு"ன்னு அழுதுட்டாங்க. "நீங்க நல்லதுக்குத்தானே அத்தை செஞ்சீங்க"ன்னேன். இப்ப பார்லி தண்ணி, அதுவும் எதுவும் பிழியாம, அவங்கதான் வெச்சு குடுக்கறாங்க, எனக்குன்னு குழம்ப தாளிக்கும்போதே தக்காளி போடறதுக்கு முன்னாடி தனியா ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிடறாங்க. எனக்கு ஒத்துக்காதது காபி, எலுமிச்சை, தக்காளி. புளி கொஞ்சமா இருந்தா பரவால்ல, தயிர் ஒண்ணும் பண்ணல. என் கூட வெயிட்டிங்ல பழகின ஒரு அக்காவுக்கு நேர் எதிர், தக்காளி சாப்பிடலாம், தயிர் ஆகாது. அதனால என் லிஸ்ட்ட காப்பி பண்ணாதீங்க.

மாத்திரை விஷயம் இவங்க கைல இல்ல, யூராலஜிஸ்ட் கிட்டதான், ஆனா ரெண்டு பேரும் பேசிக்கறாங்க, அது பெரிய விஷயம். எனக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மெடிக்கல் ஷாப்ல அது மனசுக்கு குடுக்கற மாத்திரைன்னு ஒரு மாதிரி பாப்பாங்க, கவலப்படாதீங்க, இந்த சின்ன டோஸ் நரம்பு வலிக்கு. காலைல தூக்கம் கலைய நேரமாகும், வாய் வறளும், மலம் இறுகும், அத தெரிஞ்சிக்கோங்க. பென்டோசான்னு ஒரு கேப்ஸ்யூல் இருக்கு, மூத்திரப்பை உள்பக்க படலம் பழுதாகி யூரின்ல இருக்கற உப்பெல்லாம் உள்ள இறங்கி நரம்ப உசுப்புதுங்கற கணக்குல, அந்த படலத்த சரி பண்ணன்னு குடுக்கறது. அமெரிக்காவுல 1996ல அனுமதி கிடைச்சுது, வெறும் வயித்துல சாப்பிடணும், பலன் தெரிய மாசக்கணக்கு ஆகும். நீண்ட நாள் சாப்பிட்டவங்க சிலருக்கு கண்ணோட விழித்திரைல பாதிப்பு தெரிஞ்சதால 2020ல அந்த மருந்து லேபிள்லயே எச்சரிக்கை சேத்தாங்க, அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண் டாக்டர் கிட்ட ரெட்டினா பாத்துக்கோங்க. டியூப் வழியா மூத்திரப்பைக்குள்ளயே மருந்து விடறதும் இருக்கு, வலி ரொம்ப ஏறினப்ப நானும் எடுத்திருக்கேன், அது ஆஸ்பத்திரில.

இப்ப அந்த ஒரு ஸ்டார். மூத்திரப்பை வலிக்காரங்க வர்ற கிளினிக்ல ஒரே ஒரு டாய்லெட், அதுவும் பூட்டி சாவி ரிசப்ஷன்ல. பக்கத்து ஆபீஸ் ஆளுங்க வந்து யூஸ் பண்றாங்கன்னு பூட்டறாங்களாம், இருக்கட்டும், ஆனா அவசரமா ஓடி வர்ற பேஷன்ட் ரிசப்ஷன்ல போன் பேசி முடிக்கற வரைக்கும் நின்னு சாவி கேக்கணுமா? ஒரு வயசான அம்மா அப்படி நின்னு கண்ல தண்ணி வந்தத நான் பாத்தேன். நேர்லயும் சொல்லிட்டேன், இங்கயும் எழுதறேன், தயவு செஞ்சு மாத்துங்க. லிஃப்ட்டும் இல்ல. ஒரு சிட்டிங் 1,500 ரூபா பக்கம் ஆகுது, இன்ஷூரன்ஸ்ல எனக்கு வரல, வாரா வாரம் போனா கைய கடிக்கும். கேட்டா வீட்ல நாமளே பண்ணிக்க சொல்லிக் குடுத்து இடைவெளிய கூட்டறாங்க, எனக்கு அப்படித்தான் பண்ணாங்க, ஆனா நாமளா கேட்டாத்தான்.

எனக்கு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கேட்டா, அந்த 20 மார்க் கேள்வித்தாள்ல 17ல ஆரம்பிச்சேன், இப்ப 8. முழுசா போகல, பீரியட்ஸுக்கு முன்னாடியும் இயர் எண்டிங் டென்ஷன்லயும் ஏறும், அப்ப ஹாட் பேக் வெச்சுக்கிட்டு மூச்சு பயிற்சி பண்ணா ரெண்டு நாள்ல இறங்குது, முன்ன மாதிரி வாரக்கணக்குல இழுக்கறதில்ல. ராத்திரி பெரும்பாலும் ஒரே தடவதான் முழிப்பு. கவுன்ட்டர்ல ட்ராயர பூட்டாம காலைலேருந்து லஞ்ச் வரைக்கும் உக்கார முடியற நாள் இருக்கு.

வர்றவங்களுக்கு: ஆட்டோல வராதீங்க, ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் அடிவயித்துல இடிக்கும். எங்க அல்சூர் பக்கம்னா ஹலசூரு ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்ல கிரீன் லைன் மாறி ஜெயநகர்ல இறங்கிடலாம். பழைய கல்ச்சர் ரிப்போர்ட், ஸ்கேன், இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, ரெண்டு மூணு நாள் டயரியும் எழுதிட்டு போனா முதல் சிட்டிங்லயே வேலை ஆரம்பிச்சிடுவாங்க. தமிழ் பேசற ஃபிசியோ வேணும்னு புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, உள்ள நுழைஞ்சதும் முதல்ல டாய்லெட் சாவிய கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.